வடலூர் இராமலிங்க அடிகள்: வாழ்வும் கொள்கையும்

நாவலர் பெருமான் வகுத்த நெறியிலே தோன்றி வளர்ந்த கல்லூரியொன்றின் விழா மலரிலே இராமலிங்க அடிகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆறுமுக நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழியில் நல்லூரிற் பிறந்தார். அடிகள் 1823ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் பிறந்தார். பத்து மாத இடைவெளியிற் பிறந்த இவ்விருவரும் தில்லைக் கூத்தனையே வழிபட்டவர்கள். தமிழையே கருவியாகக் கொண்டவர்கள். இருந்தும் ஒருவரோடொருவர் முரணி நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அம்முரணை நம் மாணவர் செவிவழிச் செய்தியாகவே அறிவர். அருட்பா, மருட்பா என்னும் இரு சொற்களுக்கு அப்பால் அறிந்தார் மிகச் சிலரே. ஒருவர் கொண்ட கொள்கை இன்னதென அறியாது அவரைப் போற்றுதலாற் பயனில்லை, தூற்றுதல் முறையுமன்று. ஆதலின் அடிகளின் வரலாற்றை முறைப்படச் சொல்லி, அவர் கொள்கையின் உயிர்நிலை யாது என்பதை நாம் உணர்ந்தவாறு உரைக்க விரும்புகின்றோம்.

இளமை

அடிகளின் தந்தையார் இராமையா பிள்ளை, தாயார் சின்னம்மையார். கருணீகர் குலத்தவராகிய தந்தையார் ஊர்க்கணக்கு எழுதியும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தும் வாழ்ந்தவர். அவர்தம் மக்கள் ஐவருள் கடைக்குட்டி இராமலிங்கர். குழந்தையைத் தில்லைக்கு எடுத்துச் சென்று சந்நிதியில் நிறுத்தியபோது, திரை விலகிய அளவிலே அது வாய்விட்டு நகைத்தது என்றொரு செய்தி அடியார்களிடையே வழங்கி வருகின்றது. திரையும் அதற்கப்பால் உள்ள வெளியும் அடிகளின் வாழ்வில் இறுதிவரை தொடர்ந்தனவாதலின், அச்செய்தியை நாம் இங்கே குறித்துக்கொள்ளுதல் தகும்.

இராமலிங்கர் கைக்குழந்தையாயிருந்தபோதே தந்தையார் காலமானார். சின்னம்மையார் மக்களுடன் தம் பிறந்தகம் இருந்த பொன்னேரிப் பக்கஞ் சென்று, பின்னர்ச் சென்னையிற் குடியேறினார். மூத்த மகனாகிய சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கஞ் செய்து குடும்பத்தைத் தாங்கினார். தம்பியைப் படிப்பித்து ஆளாக்க வேண்டுமென்பது அவர் ஆவல். ஆனால் தம்பியோ பள்ளியை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியையே நாடினார். தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தம்பியை ஒப்படைத்தும் பயனில்லை. சிறுவன் கோயிலில் தானே பாடிக்கொண்டு நிற்பதைக் கண்ட அப்பெரும் புலவர், இவனுக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லையெனக் கூறிவிட்டார் என்பர்.

தமையனாருக்குச் சினம் மிகுந்தது. படியாத பிள்ளைக்கு வீட்டிற் சோறு போடலாகாதென ஆணையிட்டார். அண்ணியார் மனம் பொறாது, கணவர் அறியாமல் அப்பிள்ளையை அழைத்து உணவளித்து வந்தார். தந்தையாரின் திவசத்தன்று வீடு நிறைய விருந்தினர் உண்டு செல்ல, மைத்துனப் பிள்ளை மட்டும் பின்புறம் நின்று உண்ண நேர்ந்ததே என்று அண்ணியார் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீரே இராமலிங்கரை வீட்டிற்கு மீட்டது. தமக்கென மேல்மாடியில் ஓர் அறை கேட்டுப் பெற்றார், படிப்பதாக ஒப்பினார். அந்த அறையின் சுவரில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதன் முன் விளக்கேற்றித் தியானித்தார். தணிகை முருகன் அக்கண்ணாடியிலே தமக்குக் காட்சி கொடுத்ததாக அவர் பின்னாளிற் பாடியுள்ளார்.

பசித்த ஒரு பிள்ளை, மறைவில் உணவிட்ட ஒரு தாயுள்ளம், கண்ணாடி முன்னே ஒரு விளக்கு: அடிகளின் இளமைக் காலத்து இம்மூன்றையும் வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

சென்னை வாழ்வு

ஒருமுறை தமையனார் உடல்நலங் குன்றியபோது, அவருக்குப் பதிலாக ஒரு செட்டியார் இல்லத்திற் பெரியபுராணப் பிரசங்கஞ் செய்ய இராமலிங்கர் அனுப்பப்பட்டார். ஏதோ இரண்டொரு பாட்டைப் படித்துவிட்டு வருமாறு அனுப்பப்பட்ட இளைஞர், திருஞானசம்பந்தர் பெருமையை நள்ளிரவு வரை விரித்துரைத்து அவையோரைக் கட்டிவிட்டார். சம்பந்தரைத் தம் ஞானகுருவாகவே அவர் கொண்டார். திருவாசகம் அவர் உள்ளத்தை உருக்கிய நூல். நாள்தோறும் திருவொற்றியூருக்கு நடந்து சென்று தியாகேசரையும் வடிவுடையம்மையையும் வழிபட்டு நள்ளிரவில் வீடு திரும்புவார். ஓரிரவு கதவு அடைத்திருக்கக் கண்டு பசியோடு திண்ணையிற் படுத்தவருக்கு, அம்மையே அண்ணியார் வடிவில் வந்து அமுதூட்டினாள் என்பது அடியார் வழக்கு.

1850ஆம் ஆண்டு, உறவினர் வற்புறுத்தலால், தமக்கையார் மகளாகிய தனக்கோட்டியை மணந்தார். இல்லற வாழ்வில் அவர் மனம் செல்லவில்லை.

அடிகள் பாட்டு மட்டும் பாடித் திரிந்தவர் எனக் கருதுதல் பிழை. அவர் நூல்களை ஆராய்ந்து அச்சிட்ட பதிப்பாசிரியருமாவர். 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1855இல் தொண்டமண்டல சதகத்தையும், 1857இற் சின்மய தீபிகையையும் பதிப்பித்தார். 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதினார். கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை அது. உரைநடையிலே நாவலர் ஈழத்தையும் தமிழகத்தையும் ஆண்ட அக்காலத்திலே, இன்னொரு வகை உரைநடை இவர் கையிற் பிறந்தது. நாவலர் உரைநடை அளந்து கட்டிய மதில். அடிகள் உரைநடை நெஞ்சு நெகிழ்ந்து பெருகும் வெள்ளம். தமிழ் பயிலும் மாணவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் நன்று.

கருங்குழியும் வடலூரும்

1858ஆம் ஆண்டளவிற் சென்னையை விட்டுப் புறப்பட்ட அடிகள், தலயாத்திரை செய்து தில்லையை அடைந்து, அதன் அயலில் உள்ள கருங்குழி என்னுஞ் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் என்பவர் இல்லத்தில் தங்கினார். ஒன்பதாண்டுகள் அவ்வீடே அவர் உறைவிடமாயிற்று. அவ்வீட்டில் ஒருநாள் எண்ணெய் என எண்ணித் தண்ணீரை வார்க்க, விளக்கு இரவு முழுவதும் எரிந்தது என அன்பர் சொல்வர். அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளப்பாங்கு. ஆனால் அக்காலத்து அடிகளின் தோற்றத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இற் பிரமஞான சபையாருக்கு எழுதிக்கொடுத்த சாட்சியம் இன்றும் உளது. மெலிந்த மேனி, ஒளி பொருந்திய கண்கள், மிகக் குறைந்த உணவு, தையலில்லாத வெள்ளாடை. துறவிகளுக்குரிய காவியை அடிகள் உடுத்தாரல்லர். தலையையும் மூடிக்கொண்டு கைகட்டி நடக்கும் எளிய தோற்றமே அவருடையது.

1865இற் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்னும் பெயரால் ஒரு சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலே பஞ்சம் தலைவிரித்தாடியது. 1867இல் அடிகளின் வாழ்வில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. ஒன்று, அவர் பாடல்களின் முதல் நான்கு பகுதிகள் திருவருட்பா என்னும் பெயரால் அச்சேறியது. மற்றொன்று, அவ்வாண்டு மே மாதம் 23ஆந் திகதி வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது.

பாடல்களை வெளியிட அடிகள் எளிதில் இசைந்தாரல்லர். இறுக்கம் இரத்தின முதலியார் என்னும் அன்பர், பாடல்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே உண்பதென்று விரதம் பூண்டார். தம்பொருட்டு ஒருவர் பசித்திருத்தலைப் பொறாதே அடிகள் இசைந்தனர். தம்மைச் சாமி என்னும் அடைமொழியால் நூலிற் குறிக்கலாகாதெனவும் கேட்டுக்கொண்டார். திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பெயரும், பாடற்றொகுதிக்குத் திருவருட்பா என்ற பெயரும், பகுதிகளுக்குத் திருமுறை என்ற பெயரும் வேலாயுத முதலியார் அன்பின் மேலீட்டால் அமைத்தவை.

தருமச்சாலைக்குப் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பாதையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வெளி அது. வழிப்போக்கரும் ஏழைகளும் வந்து சேர்வதற்கு ஏற்ற இடம். அங்கு சாதி கேளாமல், சமயம் கேளாமல், ஊர் கேளாமல், வந்தவர் அனைவருக்கும் சோறிட வேண்டுமென்பது அடிகளின் கட்டளை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமற் பேணப்பட்டு வருகின்றது.

நாவலரோடு நேர்ந்த முரண்

ஒரே ஆண்டில் வெளிப்பட்ட இரண்டனுள் அடுப்பைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. நூலைப் பற்றியே வழக்கெழுந்தது.

நாவலர் 1864இற் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். அவ்வூரார்க்கு நன்கு அறிமுகமானவர். அவருடைய மறுப்பின் கருத்தை நம் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நம் ஆலயங்களிற் பூசையின்போது பஞ்சபுராணம் ஓதுகின்றோம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்தனையே ஓதுகின்றோம். இவையே இறைவனருளால் எழுந்த அருட்பாக்கள் என்பது நாவலர் துணிபு. ஏனைப் புலவர் பாடல்கள் எத்துணை இனியனவாயினும் அவற்றை இவ்வரிசையில் வைத்தல் ஆகாது. அருள் என்னும் பெயரும் திருமுறை என்னும் பெயரும் அன்பர் சிலர் விரும்பியவாறு சூட்டத்தக்கன அல்ல. அங்ஙனம் சூட்ட இடங்கொடுப்பின் நாளை யார் பாட்டும் வேதமாகிவிடும். கிறித்தவப் பாதிரிமார் சைவத்தைப் புறத்திருந்து தாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அகத்தே எல்லை மதில் சிதையலாகாதென்பது அவர் கவலை. அக்கவலை பொருளற்றதன்று.

போலியருட்பா மறுப்பு என்னும் நூல் வெளிவந்தது. அது தியாகேச முதலியார் பெயரால் வந்ததாயினும் நாவலரே எழுதினாரென்பது பலர் கருத்து. மறுப்புக்கு மறுப்பும் எழுந்தது. சிதம்பரத் தீட்சிதர்களோடு நாவலருக்கு வழிபாட்டு முறைபற்றி ஏற்கெனவே பகை இருந்தது. இரண்டு பூசல்களும் ஒன்றாய்க் கலந்தன. 1869இல் தில்லைக் கோயிலிற் கூடிய கூட்டமொன்றிலே தம்மை இழித்துரைத்தனரென நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எதிரிகளுள் அடிகளும் ஒருவர். தாம் நாவலரை இகழவில்லை என்று அடிகள் மறுத்தார். அவ்வழக்கைப் பற்றி இரு பக்கத்தாரும் பின்னாளிற் கட்டிய கதைகள் பல. அடிகள் மன்றினுள் நுழைந்தபோது நாவலரே எழுந்து வணங்கினார் என்பது அவற்றுள் ஒன்று. பழைய ஆவணங்களைத் துருவிய அண்மைக்கால ஆராய்ச்சியாளர் அதற்குச் சான்றில்லை என்கின்றனர். பெரியோர் இருவரையும் உயர்த்துவதற்குப் பொய்க்கதை வேண்டுவதில்லை.

இருவரும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. நம்நாட்டுப் புலோலியிற் பிறந்து சென்னையிற் புகழ்பெற்ற நா. கதிரைவேற்பிள்ளை மருட்பா என்னுங் கட்சியை முழங்கினார். அருட்பாக் கட்சிக்கு மறைமலையடிகள் துணைநின்றார். இசுலாமியராகிய செய்குத்தம்பிப் பாவலரும் மேடையேறி அருட்பாவின் பக்கம் பேசினார். சைவப் பாடலொன்றின் பெருமைக்காக ஒரு முசுலிம் புலவர் சைவரோடு வாதாடிய காட்சி தமிழ் வரலாற்றில் அரிது. கதிரைவேற்பிள்ளையின் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தரனார் பின்னாளில் அடிகளின் திருவுள்ளத்தை வியந்து நூலெழுதினார் என்பதும் நாம் கருதத்தக்கது.

கொள்கையின் வளர்ச்சி

இப்பூசலில் எவரும் பெரிதும் எண்ணிப்பாராத செய்தி ஒன்றுண்டு. எந்தப் பாடல்களைப் பற்றி உலகம் வாதாடிற்றோ, அப்பாடல்களின் நிலையை அடிகளே கடந்து சென்றுவிட்டார்.

1870இல் அவர் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்திற்குச் சென்று, தாம் சித்திவளாகம் எனப் பெயரிட்ட மாளிகையில் வாழ்ந்தார். இக்காலத்துப் பாடல்களே ஆறாந் திருமுறையாக 1885இல், அடிகள் மறைந்து பதினோராண்டுகளின் பின்னர், வெளிவந்தன. இவற்றில் முருகனும் தியாகேசரும் நடராசரும் தனித்தனி மூர்த்திகளாய் நில்லாமல், அருட்பெருஞ்சோதி என்னும் ஒரே பேரொளியில் அடங்குகின்றனர். 1,596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்சோதி அகவல் 1872ஆம் ஆண்டு ஏப்பிரலில் முற்றுப்பெற்றது.

அடிகளின் முடிந்த கொள்கையைச் சுருங்கச் சொல்வாம். கடவுள் ஒருவரே, அவர் அருள் ஒளியாய் எங்கும் நிறைந்தவர். உயிர்கள் யாவும் அவ்வொருவரால் விளக்கமுற்றவை. ஆகலின் அவை தம்முள் உடன்பிறப்புகள். உடன்பிறந்தான் துன்புறக் கண்டால் நெஞ்சம் உருகுதல் இயல்பு. அவ்வுருக்கமே சீவகாருணியம். அதுவே கடவுள் வழிபாடு. அருளைத் திறக்கும் திறவுகோலும் அதுவே. உயிர்களுக்கு வரும் துன்பங்களுள் தலையாயவை பசியும் கொலையும். ஆதலின் பசித்தவனுக்கு உணவிடுதலும் கொல்லாமையும் புலாலுண்ணாமையும் இந்நெறியின் அடிப்படை. புலன், மனம், உயிர், ஆன்மா என்னும் நான்கின் வழியாகவும் ஒழுக்கம் பயில்வார்க்கு அருள் விளங்கும். அருள் முற்ற விளங்கினால் இவ்வுடம்பே சுத்த தேகமாகவும் பிரணவ தேகமாகவும் ஞான தேகமாகவும் மாறி, மரணமிலாப் பெருவாழ்வு கைகூடும்.

சாதியும் சமயமும் மதமும் சாத்திரச் சண்டையும் இவ்வுருக்கத்திற்குத் தடையானவை. அவற்றை விட்டொழித்தல் வேண்டும் என்றார். இறந்தாரை எரியூட்டலாகாது, புதைத்தல் வேண்டும் என்றார். கணவனை இழந்தவளின் தாலியை வாங்கலாகாது என்றார். இறைவன் வெளிப்படுவார், மாண்டாரும் எழுவர் என்னும் நம்பிக்கையையும் தம்மைச் சார்ந்தோர்க்கு ஊட்டினார். சித்தாந்த சைவர் இவற்றுள் எல்லாவற்றையும் உடன்படார். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளையும் வினைவழிப் பிறவியையும் ஆகமக் கிரியைகளையும் கொண்டவர்க்கு, உடம்பு அழியாமை என்பதும் சமயத்தைத் துறத்தல் என்பதும் ஏற்புடையன ஆகா. அந்த வேற்றுமையை நாம் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால் அடிகளுக்கும் நேர்மையன்று, நாவலருக்கும் நேர்மையன்று.

1872ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி, தைப்பூசத்தன்று, வடலூரிற் சத்திய ஞான சபையிலே முதற் சோதி வழிபாடு நிகழ்ந்தது. சபை எண்கோண வடிவினது. உள்ளே மூர்த்தியில்லை; கண்ணாடி முன்னே ஒரு விளக்கு. அதனைக் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்னும் ஏழு நிறத்திரைகள் மறைத்து நிற்கும். அவை ஆன்மாவின் ஒளியை மறைக்கும் மாயைத் திரைகள். அவை ஒவ்வொன்றாய் விலக ஒளி தோன்றும். சென்னையில் மேல்மாடி அறையிற் சிறுவனொருவன் கண்ணாடி முன் ஏற்றிய விளக்கே இங்கே உலகனைத்துக்கும் பொதுவாயிற்று எனலாம். விளக்கேற்றிப் பணிசெய்வோர் பன்னிரண்டு வயதிற்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதிற்கு மேற்பட்டவராகவோ இருத்தல் வேண்டுமென விதித்தார். ஆசை தோன்றாத பருவத்தாரும் ஆசை அடங்கிய பருவத்தாருமே அப்பணிக்கு உரியர் என்பது கருத்துப்போலும். இவ்விதியிற் குலம் பற்றிய பேச்சே இல்லை. அவ்வாண்டிலே சங்கத்தின் பெயரையும் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றினார். பழைய பெயரிலிருந்த வேதம் என்னுஞ் சொல் புதிய பெயரில் இல்லை என்பதை ஊன்றி நோக்குக.

1873ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி, சித்திவளாகத்தில் வெண்மையும் மஞ்சளும் கொண்ட கொடியை ஏற்றி, அடிகள் நீண்ட உரையொன்று ஆற்றினார். பேருபதேசம் என இன்று வழங்குவது அதுவே. தமக்கு முன்னர்ச் சைவத்தில் இருந்த பற்று அளவிறந்தது என்பதை அங்கே அவர் எடுத்துரைத்தார். அப்பற்றிற்குத் தாம் முன்பு பாடிய பாட்டுக்களே சான்று என்றும், அக்காலத்தில் தமக்கிருந்த அறிவு சிறிதே என்றும், இப்போது அப்பற்றை விட்டுவிட்டமையாலேயே இறைவன் தம்மை மேனிலையில் ஏற்றினார் என்றும் கூறினார். நான்காண்டுகளுக்கு முன் எப்பாடல்களின் பெயர்பற்றி மஞ்சக்குப்பம் மன்றம் வரை வழக்குச் சென்றதோ, அப்பாடல்களைப் படிக்கட்டின் கீழ்ப்படி என அவரே சொல்லிவிட்டார். தம் பாட்டை வேதமாக்கிக்கொள்ள முயன்றவர் இங்ஙனம் சொல்வாரா? அடிகள் விட்டவை பல: ஊர், இல்லறம், சமயம், சாத்திரம், தம் பாட்டின் பெருமை. அவர் இறுதிவரை விடாதது ஒன்றே: பசித்தவர் முகங்கண்டு இரங்கும் நெஞ்சம். அதுவே அவர் கொள்கையின் உயிர்நிலை என்பது நம் துணிபு.

அவர் உள்ளத்தில் வருத்தமும் இல்லாமலில்லை. சங்கத்தார் தம் சொல்வழி ஒழுகவில்லை எனப் பலமுறை கவன்றார். வந்தவருட் பலர் சித்துக்களை விரும்பினரேயன்றிக் கருணையை விரும்பினரல்லர்.

மறைவு

அடிகள் தம் அறையிலிருந்த விளக்கை முன்னரே எடுத்துப் புறத்தே வைத்து, அதனைத் தொடர்ந்து வழிபடுமாறு அன்பர்க்குச் சொல்லியிருந்தார். 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆந் திகதி இரவு அவர் அறையினுள்ளே சென்றார். கதவு அடைக்கப்பட்டது. அதனைத் திறக்கவேண்டாம் எனவும், திறப்பினும் வெற்றறையே தோன்றும் எனவும் முன்னரே சொல்லியிருந்தார். பின்னர் அரசாங்க அதிகாரிகள் வந்து பார்த்தபோது அவ்வாறே இருந்தது என்பர். 1906இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்டக் குறிப்பேடும், அவர் அறையினுட் புகுந்து பூட்டிக்கொண்டதையும் இறைவனோடு கலந்தார் எனச் சீடர் நம்புவதையும் எழுதி வைத்துள்ளது. அப்போது அவருக்கு வயது ஐம்பது. அங்கே நடந்தது யாது என்பதைப் பற்றி நம்புவோர் ஒருவிதமாயும் ஐயுறுவோர் வேறுவிதமாயும் எழுதியுள்ளனர். பூட்டிய அறையைப் பற்றி வாதிடுவதிலும் திறந்திருக்கும் தருமச்சாலையைப் பற்றிச் சிந்திப்பது பயனுடைத்து.

இன்றைய மாணவர்க்கு

அடிகள் பிறந்து 2023இல் இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. அவர் பாடல்கள் இன்று பள்ளிப் பிள்ளைகள் வாயிலும் இசையரங்கிலும் ஒலிக்கின்றன. அவை அருட்பாவா என்று கேட்பார் இன்று அரியர். ஆனால் அன்று எழுந்த வினா அழிந்துவிடவில்லை. புதிதாய் ஒருவர் தோன்றி, இறைவன் தமக்கு உணர்த்தினான் எனச் சொல்வாராயின் அதனை எதனைக் கொண்டு அளப்பது? முன்னோர் நூலோடு பொருந்துகின்றதா எனப் பார் என்பது நாவலர் தந்த அளவுகோல். அவ்வளவுகோலை நாம் எறிந்துவிடலாகாது. அஃதின்றேற் போலிக்கும் மெய்க்கும் வேற்றுமை தெரியாது. அந்த வாக்கினால் உயிர்களிடத்து இரக்கம் பெருகுகின்றதா எனப் பார் என்பது அடிகளின் வாழ்வு தரும் அளவுகோல். அதனையும் நாம் எறிந்துவிடலாகாது. அஃதின்றேல் நூலறிவு உலர்ந்த சருகாகிவிடும்.

இவ்விரு அளவுகோலும் ஒன்றையொன்று வெட்டுவன என எண்ணுவார்க்கு நம் யாழ்ப்பாணத்து வரலாற்றிலிருந்தே ஒரு செய்தி கூறி அமைவாம். அடிகள் மறைந்து சில ஆண்டுகளிலே, 1877ஆம் ஆண்டை ஒட்டி, நம் நாட்டிற் பஞ்சமும் பேதிநோயும் பரவின. ஏழைகள் தெருவில் விழுந்தனர். அப்போது வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் இருந்த நாவலர் ஏட்டையும் எழுத்தாணியையும் ஒருபுறம் வைத்துவிட்டு, வீடு வீடாய்ப் பொருளும் அரிசியும் திரட்டி, வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். 1879இல் அவர் மறைந்தார்.

வடலூரில் ஓர் அடுப்பு. வண்ணார்பண்ணையில் ஒரு கஞ்சித்தொட்டி. ஒன்றை மூட்டியவர் சமயத்தை விட்டேன் என்றவர். மற்றொன்றை அமைத்தவர் சமயத்தைக் காத்தவர். ஏட்டின் முன்னே இருவரும் பகைவர். பசித்தவன் முன்னே இருவர் செய்கையும் ஒன்று. நாவலர் நிழலில் வளர்ந்த நாம் அடிகளையும் கற்போமாக. கற்றபின் எக்கொள்கையை ஏற்பினும், நம் வாயிலில் பசியோடு வந்து நிற்பவனைப் பசியோடு திருப்பி அனுப்பாதிருப்போமாக.